மூக்குக்கு நேரே நடந்த சொக்கேசன்

முன்னொரு காலத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி அரண்மனைகளை மட்டுமே எட்டியிருந்த நாளில், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தான். கடல் கடந்து வந்த வணிகர்கள் அவனுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை தண்ணீரிலும் தாம்பாளத்திலும் மட்டுமே தன்னைப் பார்த்திருந்த ராஜா, அன்றுதான் தன் மூக்கின் நடுவே ஒரு மேடு இருப்பதைக் கண்டான். அதற்குப் பிறகு வாய்க்கால், வழக்கு, எல்லைத் தகராறு எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

“இந்த மேட்டை எடுத்தாக வேண்டும்” என்றான் சபையில்.

பிரதானி விருத்தாசலர் உடனே எழுந்தார். அவருடைய மைத்துனர் ரூபசிகாமணி தலைநகரில் புதிதாக ஒரு வைத்தியசாலை திறந்திருந்தார். வாசலில் மேளம், உள்ளே பட்டுத் திரை, சுவர் முழுக்க விதவிதமான மூக்குகளின் சித்திரம். பிடித்த மூக்கைக் கைகாட்டினால் போதும், அதே மூக்கு முகத்தில் வந்துவிடும் என்று ஊரெங்கும் தண்டோரா போட்டிருந்தார்கள்.

“மகாராஜா அங்கே எழுந்தருள வேண்டும்” என்றார் பிரதானி.

ராஜாவைச் சிரிக்கவைப்பதையே உத்தியோகமாகக் கொண்ட சொக்கேசன் அருகில் நின்றுகொண்டிருந்தான். “அரசே, சுவரில் இருக்கும் மூக்குகளை நானும் பார்த்தேன். அந்த வைத்தியரின் கைபட்ட மனிதர் ஒருவரைத்தான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் போகலாமே” என்றான்.

சொக்கேசன் பேசினால் ராஜா கேட்கிறான் என்பது பிரதானிக்கு வெகுநாள் எரிச்சல். “நல்ல யோசனை. சொக்கேசனே முதலில் போகட்டும். தங்கள்மேல் விசுவாசம் இருந்தால் மறுக்கமாட்டான்” என்றார். ராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான்.

வீட்டில் சொக்கேசனின் மனைவி திருமேனி சண்டைக்கு வந்தாள்.

“உங்க மூக்குக்கு என்ன கொறச்சல்?”

“ஒண்ணுமில்ல. கொறச்சல் ராஜா மூக்குலதானாம்.”

“அதுக்கு உங்க மூக்க ஏன் அறுக்கணும்?”

“நான் போகலைன்னா அவரே நேராப் போய்ப் படுத்துருவாரு, திருமேனி. பஞ்சத்துல நம்மளக் கூப்பிட்டுச் சோறு போட்ட மனுஷன். அந்த ஆளோட முகத்த எப்படி ஒருத்தன் கையில சும்மா விட்டுட்டு வர்றது?”

ரூபசிகாமணி சொக்கேசனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முகத்தைவிடச் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தார். மயக்கக் கஷாயம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது மூக்கெல்லாம் கட்டு. கட்டை அவிழ்த்த அன்று பார்த்தால், நுனி இடப்பக்கம் திரும்பியிருந்தது. வலப்பக்கம் மூச்சே ஏறவில்லை.

“வீக்கம் வடிந்தால் நேராகிவிடும்” என்றார் வைத்தியர்.

வீக்கம் வடிந்தது. மூக்கு அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டால், வைத்தியர் பூஜையில் இருக்கிறார் என்றார்கள். இன்னொரு முறை போனபோது, உனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றார்கள். சொக்கேசன் வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ முகம் காட்டி ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு அந்த முகத்தைக் கண்டு அழுகை வந்தது. திருமேனி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவன் சபைக்கு வரும் முன்பே பிரதானி முந்திக்கொண்டார். “சொக்கேசன் பொறாமையால் எதையாவது சொல்வான். வைத்தியசாலையைப் பற்றி ஒரு சொல் குறை சொன்னாலும் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணையிடுங்கள்” என்றார். புது மூக்கின் ஆசையில் இருந்த ராஜா அதற்கும் சரி என்றான்.

சேவகன் அந்த ஆணையை வாசலிலேயே சொல்லிவிட்டான். சொக்கேசன் மேல்துண்டால் முகத்தைப் போர்த்திக்கொண்டு சபையின் கடைசியில் நின்றான். வாயைத் திறந்தால் நாடு போய்விடும். திறக்காவிட்டால் ராஜா நாளைக்கே அந்தப் பட்டுத் திரைக்குள் போய்விடுவான்.

“ஏன் அங்கேயே நிற்கிறாய்? மூக்குக்கு நேரே நடந்து வா” என்றான் ராஜா.

சொக்கேசன் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டான். பிறகு துண்டை எடுக்காமலே நடந்தான். சிங்காதனம் எதிரே இருக்க, அவன் கால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. வழியில் ஒரு தூணை முட்டினான். வாயில்காப்போன்மேல் சாய்ந்தான். கடைசியில் ஆசனத்தில் இருந்த பிரதானியின் மடியில் போய் விழுந்தான்.

“நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே போகிறாய்?” என்றான் ராஜா.

“அரசே, எதையும் குறை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மூக்குக்கு நேரே வரச் சொன்னீர்கள், வந்தேன். மூக்கு என்னைப் பிரதானியாரிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது” என்று துண்டை விலக்கினான்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரிக்கத் தொடங்கினான், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இறங்கி வந்து சொக்கேசனின் முகவாயைத் தாங்கிப் பார்த்தான்.

“வலிக்கிறதா?”

“வலி இல்லை, அரசே. ஒரு பக்கம் மூச்சுத்தான் வரவில்லை.”

“இது என் முகத்தில் இருந்திருக்க வேண்டியது” என்றான் ராஜா மெதுவாக.

பிரதானி, “வீக்கம் இன்னும் முழுக்க வடியவில்லை...” என்று இழுத்தார்.

“அப்படியானால் அதே மூக்கை உமக்கும் வைக்கச் சொல்லட்டுமா?” என்றான் ராஜா.

பிரதானி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்று மாலைக்குள் ரூபசிகாமணியின் பட்டுத் திரைகள் இறங்கின.

மூக்கைச் சரிசெய்ய வேறு வைத்தியரைத் தேடியபோது, இந்த முறை சொக்கேசன் சுவர்ச் சித்திரம் பார்க்கப் போகவில்லை. போரில் மூக்கு வெட்டுப்பட்டுத் தைத்துக்கொண்ட வீரர்களைத் தேடிப் போய், அவர்கள் முகத்தைப் பார்த்து, தண்ணீர் குடிக்கும்போது எப்படி, தூங்கும்போது எப்படி என்றெல்லாம் விசாரித்தான். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: படைவீட்டு வைத்தியச்சி அரியநாச்சி.

ராஜாவே துணைக்கு வந்தான். அரியநாச்சி சொக்கேசனை வெயிலில் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“மூச்சுக்கு வழி பண்ணிடலாம். பழைய மூக்கு வராது. கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்யும். சம்மதமா?”

முடியாது என்பதை முடியாது என்று சொன்ன வைத்தியர் அவள்தான். அதைக் கேட்டதும் சொக்கேசனுக்குப் பயம் போய்விட்டது.

சிகிச்சை முடியும்வரை ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டுப் பிரித்த அன்று சொக்கேசன் இரண்டு பக்கமும் மூச்சை இழுத்தான். பக்கத்து அடுப்பில் கொதித்த கஷாயத்தின் கசப்பு வாசனைகூட இனித்தது. எழுந்து அரியநாச்சியைக் கும்பிட்டான்.

ராஜா மெல்லத் தன் முகத்தையும் நீட்டினான். “இந்த மேட்டை...”

“மூச்சு நல்லா வருதுங்களா?”

“வருகிறது.”

“அப்ப எனக்கு இங்க வேலையில்லீங்க, மகாராஜா. மூலைக்கு மூணு பேரு வலியோட காத்திருக்காங்க.”

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, மேளம் கொட்டிய அந்த வைத்தியசாலைக் கட்டடத்தை அவளுக்கே எழுதிக்கொடுத்தான். சொக்கேசனுக்குக் கிணற்றோடு நிலமும், ஆற்றங்கரையில் வீடும் கொடுத்து, “உன் முகத்தைக் கொடுத்து என் முகத்தைக் காத்தாய். இதற்கு ஈடு இல்லை என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன்” என்றான்.

புது வீட்டு வாசலில் சாயங்காலக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சொக்கேசன். திருமேனி வந்து அவன் இடப்பக்கம் அமர்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் கோணல்தான், இல்ல?” என்று கேட்டான்.

“இருந்துட்டுப் போகட்டும். என் பக்கமாத்தான சாஞ்சிருக்கு” என்றாள் அவள்.