அடுப்புக்கு இந்தப் பக்கம்

"என்னை எதுக்கு மாஸ்டர் அடுப்பை விட்டு இறக்கினீங்க?"

கேட்டவர் தவசிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். பரோட்டாக் கல்லில் பாதி ஆயுளைப் போட்டுவிட்டு, சேத்துப்பட்டுச் சந்து ஒன்றில் இருக்கும் இந்த இசகாயாவுக்கு வந்தவர். ஜப்பான்காரர்கள் வேலை விட்டதும் வந்து உட்கார்ந்து, கரியடுப்பில் வாட்டிய கோழியைக் குச்சி குச்சியாகச் சாப்பிடும் கடை.

மாஸ்டர் ஜெசிந்தா அவரைவிட வயதில் மிகச் சின்னவர். ஒசாகாவில் அனலில் நின்று தொழில் கற்றவர்.

கடை திறக்க நேரம் இருந்தது. ஜெசிந்தா கரி அடுக்கிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் நடந்தது இதுதான். அடுப்பை ஒட்டிய சாப்பாட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். தவசிமுத்து வாட்டிக் கொடுத்த கோழி இதயம் தட்டில் கிடந்து கொழுப்பு உறைந்தது. தவசிமுத்து தட்டைப் பிடுங்கினார். பேச வந்தீங்களா, திங்க வந்தீங்களா என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

அப்போதே ஜெசிந்தா அவரை வெங்காயத்தாள் நறுக்க அனுப்பிவிட்டார்.

"இன்னைக்கு அடுப்பு என் கைக்கு வரலைன்னா விருதுநகர் பஸ் ஏறிடுவேன்." தவசிமுத்து விடவில்லை.

ஜெசிந்தா வாடிக்கையாளர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கண்ணே."

சமையல்காரன் அங்கே உட்காருவதில்லை என்றார் தவசிமுத்து. ஜெசிந்தாவின் கை இறங்கவில்லை. தவசிமுத்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

ஒரு குச்சி கோழி இதயம் அடுப்பில் ஏறியது. உப்பு. சில புரட்டல்கள். பொரியும் சத்தத்தோடு அவர் முன்னால் வந்தது.

தவசிமுத்து பேச்சில் இருந்தார். முழங்கையில் ரோமம் கருகியதைச் சொன்னார். இந்தக் கரியில் தீ தெரியாது, சூட்டை உள்ளங்கையால்தான் பிடிக்க வேண்டும், அதைப் பழகப் பட்ட பாட்டைச் சொன்னார். அதற்கெல்லாம் மரியாதை இதுதானா என்றார்.

ஜெசிந்தா தட்டிலிருந்து ஆறிய குச்சியை எடுத்தார். நின்றபடியே தின்றார். வேறொரு குச்சியைச் சூடாக வைத்தார்.

கோபம் வேறு தெருவுக்குப் போனது. பரோட்டாக் கடை முதலாளி. பொதுச் சுவரில் ஜன்னல் வைத்த தம்பி. அதற்கு அளந்து கொடுத்த கொத்தனார்.

இரண்டாவது குச்சியும் ஜெசிந்தாவின் வாய்க்குப் போனது. மூன்றாவது தட்டுக்கு வந்தது.

"நான் வயிறெரிஞ்சு பேசிட்டிருக்கேன். நீங்க தின்னுட்டிருக்கீங்க."

"காலையிலேர்ந்து சாப்பிடலண்ணே. நீங்க பேசுங்க."

பேசினார். இப்போது ஜெசிந்தாவைப் பற்றியே. ஜெசிந்தாவுக்குக் கண்ணில்லை, நன்றியில்லை என்றார். பலகையில் குத்தினார். தட்டு குதித்தது.

கண் அதில் விழுந்தது.

மூன்றாவது குச்சி. கொழுப்பு வெள்ளை பூத்துக் கிடந்தது.

வாய் நின்றது. காது சிவந்தது.

"என்னைக் கோமாளியாக்கிப் பாக்குறீங்க."

ஜெசிந்தா தலைத்துணியை அவிழ்த்தார். அடுப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு போடுங்கண்ணே."

தவசிமுத்து நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனார். கரிமேல் உள்ளங்கையை நீட்டினார். உப்புத் தூவினார். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தபோது விசிறியால் ஒரே வீச்சில் அடக்கினார். அவர் கையில் இத்தனை நாளில் இவ்வளவு பதமாக ஒரு குச்சி வெந்ததில்லை.

கொண்டுவந்து வைத்தார்.

ஜெசிந்தா போனை எடுத்தார். அக்காவைக் கூப்பிட்டார். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் எடுப்பது என்று கேட்டார்.

பச்சையா, காவியா. பச்சை வெயிலில் வெளுக்குமா. காவியில் அழுக்குத் தெரியுமா.

குச்சியின் சத்தம் அடங்கியது.

தவசிமுத்துவின் கை தட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

துணி துவைத்தால் சுருங்குமா என்று ஜெசிந்தா கேட்டார். அக்கா விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஜெசிந்தா தலையாட்டிக்கொண்டே இருந்தார். தட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

தவசிமுத்து தட்டை இழுத்தார். குச்சியைக் கடைவாயில் வைத்து உருவினார். ஜெசிந்தாவை முறைத்தபடியே மென்றார். ரப்பர்போல் இருந்தது. விழுங்கினார்.

வெறும் குச்சியைக் கூடையில் எறிந்தார்.

போனில் நீலத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கியிருந்தது.

தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குச்சிக்கு உப்புத் தூவினார்.