மூலக்கூறைக் கண்ணால் பார்த்தாயா?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வை நடத்தப் பேராசிரியர் தண்டபாணி வருகிறார் என்றாலே ஆய்வு மாணவர்கள் ஆய்வேட்டை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே கேள்வியில் ஆளை உட்காரவைத்துவிடுவார். அன்று மாட்டியவள் எங்கள் நஸ்ரின். மருந்துக் கரைசலுக்குள் காதுக்கு எட்டாத மீயொலியைச் செலுத்தி, அது போகிற வேகத்தை வைத்து மூலக்கூறுகளின் நெருக்கத்தைக் கண்டுபிடிப்பது அவளுடைய ஆய்வு.

தண்டபாணி ஆய்வேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"மருந்தும் தண்ணியும் நெருங்கி நிக்குதுங்கிற. கண்ணால பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

"பாக்காததுக்கு எப்படிம்மா பட்டம் குடுக்கிறது?"

நஸ்ரின் பணிவாகத்தான் ஆரம்பித்தாள்.

"நெருக்கமா இருந்தா சேதி வேகமாப் போகும் சார். காலைல கார்ல வரும்போது, 'இந்தத் தீசிஸை நான் இன்னும் பிரிக்கவே இல்ல'ன்னு சொன்னீங்களாம். நீங்க மாடி ஏறுறதுக்குள்ள அது எனக்கு வந்துடுச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் எவ்வளவு நெருக்கம்னு அதுலயே தெரியுதே. கரைசல்லயும் அப்படித்தான் சார்."

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பைத் தும்மலாக்கிச் சமாளித்தார். நான்தான்.

"யார் சொன்னது?" என்று தண்டபாணி உறுமினார். அவரைக் காரில் கூட்டிவந்துவிட்டு வாசலோரம் நின்ற எங்கள் டிபார்ட்மென்ட் டிரைவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது தெரியாது சார். மீயொலியும் வேகத்தைத்தான் காட்டும். எந்த மூலக்கூறு கடத்திவிட்டுச்சுன்னு காட்டிக்குடுக்காது."

தண்டபாணி அவளையே பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆய்வேட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.