ராயர் கழுத்தில் ஆட்டுக்கயிறு

முன்னொரு காலத்திலே கொன்றைவள நாட்டை இடிமுழக்கவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பசித்தால் ஒரு சட்டம், ஏப்பம் விட்டால் இன்னொரு சட்டம் போடுவார்.

ஒருநாள் அவர் இலையில் விழுந்த ஆட்டுக்கறி வெறும் எலும்பாக இருந்தது. வந்ததே கோபம்!

"ஆடு வளர்க்கிறவர்கள் சோம்பேறிகள், மகாராஜா! மேய்ச்சல் காட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுங்கள்" என்று அவர் காதில் ஓதினார் சபைப் பெரியவர் மேகநாதராயர். அந்தக் காட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

வீட்டுக்கு ஏழெட்டு ஆடு வைத்துப் பிழைக்கும் நூறு குடும்பங்களுக்காக, அம்மனை வேண்டிக்கொண்டே சபைக்கு வந்தாள் ஆடு மேய்க்கும் சடச்சி. காடு போனால் அத்தனை பேரும் பட்டினி.

"வருஷா வருஷம் குட்டிகள் ஏன் சிறுக்கின்றன? இப்போதே காரணம் காட்டு. இல்லாவிட்டால் காடு ராயருக்கு!" என்று உறுமினார் ராஜா.

"காட்டுறேன் சாமி. இந்தச் சபையிலே ரொம்ப உசத்தியான ஆள் யாரு?"

கேட்டு முடிப்பதற்குள் ராயர் நாலு பேரை முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நானேதான்! உயரத்தைப் பார், மார்பைப் பார், பல்லைப் பார்!" என்று ஈயென்று இளித்தார்.

சடச்சி இடுப்பிலிருந்த ஆட்டுக்கயிற்றை அவர் கழுத்தில் மாட்டினாள். "நடங்க சாமி, சமையற்கட்டுக்கு!"

"ஐயோ, எதுக்கு?"

"பட்டியிலே உசத்தியான கிடாவைத்தானே அரண்மனை ஆளுங்க திருவிழாவுக்குத் திருவிழா ஓட்டிட்டுப் போறாங்க?"

"நான் உசத்தியே இல்லை தாயே! எனக்கு மூட்டுவலி, மூச்சிரைப்பு! பல்லெல்லாம் சொத்தை!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா மகாராஜா? வாட்டசாட்டமானது சட்டிக்குப் போயிடுது. மூட்டுவலியும் மூச்சிரைப்பும்தான் பட்டியிலே தங்கி, அடுத்த வருஷக் குட்டிக்கெல்லாம் அப்பனாகுது."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "அப்படியானால் குற்றம் என் வயிற்றின் மேலா?"

"பாதி உங்க வயிறு, பாதி எங்க வயிறு. கஷ்டம் வந்தா நாங்களும் நல்ல கிடாவைத்தான் முதல்லே விக்கிறோம்."

"என்ன வேண்டும், கேள்."

"நல்ல கிடாவை விக்காம வச்சிருக்கிறவனுக்குக் கஜானாவிலிருந்து விலையைக் கொடுத்திடுங்க. எது நல்லதுன்னு, அதோட குட்டிங்க வளர்த்தியைப் பாத்து ஊர் கூடிச் சொல்றோம். அது அரண்மனைக்குப் போகாம, பட்டிபட்டியாப் போய்த் தங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும், காடும் உங்களுக்கே! ராயரே, அந்தக் கிடாக்களைப் பட்டிபட்டியாக ஓட்டிப்போவது இனி உம்முடைய வேலை!"

மூன்று வருஷம் கழித்து ராஜா காட்டுப்பக்கம் வந்தார். யானைக்குட்டி போல ஒரு கிடா! நாக்கில் எச்சில் ஊற, விரலை நீட்டினார்.

ராயர் பாய்ந்து வந்து கிடாவைக் கட்டிக்கொண்டார். "இவனைத் தொடாதீர்கள் மகாராஜா! இவன் ஊருக்கே மாப்பிள்ளை! அதோ, அந்த நொண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்!"

அந்த நொண்டியே அன்றைக்கு மூன்று பந்திக்கு வந்தது. சிரித்தவர் வயிறும் சிரிக்காதவர் வயிறும் நிறையட்டும், அம்மா தாயே!