கீற்று அடைத்த வாசல்

ஒரு காட்டில், ஓடைக்கரை மருத மரத்துப் பொந்தில், கீற்று என்றோர் அணில் தன் பிள்ளைகளோடு குடியிருந்தது. அதைப் போல உழைப்பாளி அந்தக் காட்டிலேயே கிடையாது, குழந்தைகளே! மழைக்காலத்துக்காக விலங்குகள் எல்லாம் பாறைமேட்டில் கூடி உணவு சேர்க்கும். வாதுமைக் கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுப்பது கீற்றின் வேலை.

பாறைமேட்டுக்குப் போக ஒரு பொட்டல்வெளியைக் கடக்க வேண்டும். அதற்கு மேலே வல்லூறு ஒன்று வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அதன் நகம் கீற்றின் முதுகைக் கிழித்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

பாறைமேட்டுத் தலைவர் கரடியார் காயத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இனி நீ இங்கே வர வேண்டாம், கீற்று. வீட்டிலேயே இருந்து உடை. மைனா கொட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பருப்பை எடுத்து வரும்" என்றார்.

கீற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி, ஐயா. பிள்ளைகளும் என் கண் முன்னாலேயே இருப்பார்கள்" என்றது.

அப்படியே நடந்தது. கீற்று முன்னங்கால்களில் கொட்டையைப் பிடித்துக் கடிக்கும். வாலால் கடைக்குட்டியைத் தட்டித் தூங்க வைக்கும். பிள்ளைகள் முதன்முதலில் கிளை விட்டுக் கிளை தாவியதைக் கூடவே இருந்து பார்த்தது. அன்று அது மனதுக்குள் கரடியாருக்கு எத்தனையோ முறை நன்றி சொல்லிக்கொண்டது.

ஆனால் ஒன்று. பாறைமேட்டில் பொழுது சாய்ந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், கீற்றும் எழுந்துவிடும். பொந்தில் எழுப்பிவிட யார் இருக்கிறார்கள்? 'இன்னும் ஒரே ஒரு கொட்டை' என்று உடைக்கும். அது முடிந்ததும் இன்னொன்று. "அம்மா, விளையாட வா" என்று பிள்ளைகள் கூப்பிட்டால், "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லும். வரவே வராது.

மைனாவோ சரியான வாயாடி. வந்ததும் வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

"கீற்று, சேதி தெரியுமா? முள்ளம்பன்றிக்குப் பல்வலி! நீ இல்லாமல் பாறைமேடே வெறிச்சென்று இருக்கிறதாம்."

"அக்கா, என் வேலை கெடுகிறது. கொட்டையை வைத்துவிட்டுப் போங்களேன்."

அப்படிச் சொல்லியும் மைனாவின் பேச்சு நிற்கவில்லை. கடைசியில் கீற்று, உடைத்த ஓடுகளை எல்லாம் வாசலில் குவித்து, ஒரு கொட்டை நுழையும் சந்து மட்டும் விட்டு அடைத்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகும்போது மட்டும் ஓடுகளைத் தள்ளிக்கொண்டு போகும். வந்ததும் மறுபடி அடைத்துவிடும்.

மழை தொடங்கிய அன்று மைனா அவசரமாகப் பறந்து வந்தது.

"கீற்று, ஒரு முக்கியமான சேதி..."

"நாளைக்குச் சொல்லுங்கள், அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. 'மேல்கிளைக் கிளிகள் சொல்லிக்கொள்ளட்டும்' என்று போய்விட்டது. கிளிகளோ, 'மைனா சொல்லியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டு, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பாறைமேட்டுக்குப் போய்விட்டன. மரம் முழுக்கக் காலியானது. அது எதுவும் கீற்றுக்குத் தெரியாது.

மழை வலுத்தது. கீற்று ஒரு கொட்டையைக் கீழே வைத்தது. அது தானாக உருண்டு வாசல் பக்கம் ஓடியது. இன்னொன்றை வைத்தது. அதுவும் ஓடியது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன.

கீற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. மரம் சாய்கிறது!

வாசலுக்குப் பாய்ந்தது. மரம் சாய்ந்ததில் ஓடுகளெல்லாம் வாசல் பக்கமாகச் சரிந்து, மழையில் ஊறி, இறுகிப்போயிருந்தன. நகம் பிய்யும் மட்டும் சுரண்டியது. "கிளியக்கா! யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தியது. பதிலே இல்லை. பிள்ளைகள் அழுதுகொண்டு அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

அப்போது வெளியே, "கீற்று! உள்ளேதான் இருக்கிறாயா?" என்று ஒரு குரல் கேட்டது.

மைனாதான்! பாறைமேட்டில் எல்லோரும் வந்து சேர்ந்தும் கீற்றை மட்டும் காணாமல், மழையிலேயே திரும்பிப் பறந்து வந்திருந்தது. கையோடு மந்தியையும் அழைத்து வந்திருந்தது. மந்தி ஓடுகளைப் பிய்த்து எறிந்தது. பிள்ளைகளை மார்போடு அள்ளிக்கொண்டு பக்கத்து மரத்துக்குத் தாவியது. கீற்றும் பின்னாலேயே தாவியது. திரும்பிப் பார்ப்பதற்குள் மருத மரம் வேரோடு ஓடையில் விழுந்தது.

"வேருக்கடியில் மண் அரித்துவிட்டது என்று நீர்நாய் வந்து சொன்னது. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது மைனா, மூச்சு வாங்கியபடி.

கீற்று அதன் நனைந்த சிறகில் முகம் புதைத்து அழுதது. "உங்களை வாயை மூடச் சொன்னேனே, அக்கா!"

"நீ சொன்னாய் என்று நானும் மூடிக்கொண்டேனே. என்மேலும்தான் தப்பு."

மழை விட்டதும் கீற்று பிள்ளைகளோடு கரடியாரிடம் போனது. அது பேசத் தொடங்குவதற்குள் பிள்ளைகள் முகம் வாடி, "மறுபடி எங்களை விட்டுப் போகப் போகிறாயா, அம்மா?" என்று கேட்டன.

"இல்லை, கண்ணுகளா" என்ற கீற்று, கரடியாரிடம் திரும்பி, "ஐயா, நான் வீட்டிலேயே உடைக்கிறேன். அந்த வரத்தை விட மாட்டேன். ஆனால் பொழுது சாய்ந்தால் ஒரு கொட்டையைக்கூடத் தொட மாட்டேன். சில நாள் பருப்பு குறையலாம்" என்றது.

"குறையட்டும். நீங்கள் எல்லோரும் பிழைத்து வந்தீர்களே, அது போதும் எனக்கு" என்றார் கரடியார்.

சரிவில் இருந்த இலுப்பை மரத்தில் கீற்றுக்குப் புதுப் பொந்து கிடைத்தது. முதல் நாள் மாலையில் மந்தி வந்தது, கிளிகள் வந்தன, பல்வலி தீர்ந்த முள்ளம்பன்றிகூட அடிமரத்தில் வந்து உட்கார்ந்தது. மைனா பேசிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் முதுகில் ஏறிக் குதிக்க, கீற்று கிளையில் சாய்ந்தபடி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

நீதி: வீட்டில் இருந்து உழைப்பது பெரும் பேறு, அந்த உழைப்புக்காக அக்கம்பக்கத்தாருக்கு வாசலை அடைக்காதே.