நாலில் ஒன்று

ஆவுடையப்பன் முப்பது வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவர். ஓய்வு பெற்ற கையோடு வைத்தியம் படிக்க வந்துவிட்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த சுடலைமுத்து வைத்தியர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் ஆவுடையப்பனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்றுதான் முதல்முறையாக மருதம்பட்டைக் கஷாயத்தை முழுக்க அவர் பொறுப்பில் விட்டிருந்தார் வைத்தியர். நெஞ்சுக்கு வலு தரும் என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகக் கொடுத்துவருவது. இடித்த பட்டையில் நாலு படி தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் ஒரு படியாகச் சுண்டவிட வேண்டும். மனுஷர் குச்சியில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் பானைக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அவர் மனைவி பேச்சியம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, நெஞ்சை அடைக்கு. இடது கையெல்லாம் கடுக்கு.”

ஆவுடையப்பன் திரும்பக்கூட இல்லை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. கொடுமையைப் பாருங்கள்!

“நெஞ்சா? சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. அதுக்கான மருந்துதான் அடுப்புல கெடக்கு. இன்னும் அரைப்படி சுண்டணும், பொறு.”

“வேர்த்துக் கொட்டுதுங்க.”

“வெயில்ல நடந்து வந்தேல்லா, வேர்க்கத்தான் செய்யும்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் குச்சியை விட்டுப் பார்த்தார். கோட்டுக்கு இன்னும் ரெண்டு விரற்கடை இருந்தது.

அந்த நேரம் வைத்தியர் வெளியிலிருந்து வந்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். அவ்வளவுதான், விடுவிடுவென்று உள்ளே வந்து பானையைக் காலால் ஓங்கி ஓர் எத்து எத்தினார். பானை உருண்டு உடைந்து, கஷாயமெல்லாம் சாம்பலில் சீறிக்கொண்டு ஓடியது.

ஆவுடையப்பன் குச்சியும் கையுமாகத் துள்ளி எழுந்தார். “வைத்தியரே! உமக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“அங்க பாரும் அண்ணாச்சி!”

பார்த்தார். மனைவியின் முகம் வெளுத்துக் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

வைத்தியர் அதற்குள் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்துவிட்டார். “ஆசுபத்திரிக்கு விடுப்பா. எங்கயும் நிக்காதே!”

பேச்சியம்மாள் பிழைத்துக்கொண்டாள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் வைத்தியர் அவளைப் பார்க்க வந்தார். வெந்துபோன வலது காலில் கட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆவுடையப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவள் சொன்னது, தான் சொன்னது, ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தார். அப்புறமும் மனசு ஆறவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன் வைத்தியரே. தினமும் தொட்டுக் கும்பிட்டுத்தானே அந்தப் பானையை அடுப்புல ஏத்துவீரு? அதைப் போய்க் காலால எத்திட்டீரே! வாயால சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?”

வைத்தியர் கட்டுப் போட்ட காலை மெல்ல நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“மதினி வாயாலதான அண்ணாச்சி சொன்னாவ?”