சிவகோத்திரத்தார் காப்புக் கட்டிய கதை

பூ விழுந்தபோது சந்நிதியில் இருந்தவர்கள் இவர்கள்: பூசை செய்த ஞானஸ்கந்த சிவாச்சாரியார். கோயில் குழுத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி. அவர் மனைவி. குழுவின் மற்ற உறுப்பினர்கள், எல்லோரும் பட்டு வேட்டியில். ஹோண்டுராஸிலிருந்து வந்து, கூரை வேலை செய்து பிழைக்கும் எலோடியா. அவருக்குப் பின்னால் புயலில் வீடிழந்த ஹோண்டுராஸ், குவாதமாலா, மெக்சிகோ குடும்பங்கள், கைக்குழந்தைகளோடு. எல்லோருக்கும் எதிரே, கருங்கல்லில், வேலூன்றி நின்ற சுப்பிரமணியர்.

சுடலைமுத்து அங்கே இல்லை. வழக்கு அவருடையது. ஆனால் அவர் மடைப்பள்ளிக்குப் பின்னால் சர்க்கரைப் பொங்கல் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அதுதான் அவர் வேலை. டெக்சாஸின் கடலோரத்தில் நம்மவர்கள் கட்டிய அந்தக் கோயிலுக்கு, திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சமையல் உதவியாள் என்று சொல்லி அவரை வரவழைத்தார்கள். சமைக்க வேறு ஆள் இருந்தார். துலக்குவது இவர் பங்குக்கு வந்தது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் நுழையாத அண்டாக்கள், தவலைகள், ஆளுயரக் கரண்டிகள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நின்றபடியே துலக்குவார். தீபாராதனை நேரத்தில்தான் பாத்திரம் அதிகமாக விழும் என்பதால் அவர் சாமி பார்த்தது குறைவு. மணிச்சத்தம் கேட்டால் சோப்பு நுரை வழியும் கையைக் கூப்பி, எதிர்ச் சுவரைப் பார்த்து, “முருகா” என்பார். அந்தச் சுவருக்கு மறுபுறம் கருவறையின் முதுகு. அவருக்கு அது போதுமாயிருந்தது.

மிஞ்சும் பிரசாதத்தைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவது அங்கே வழக்கம். முதல் மாதம் அவரும் போட்டார். இரண்டாம் மாதம் முடியவில்லை. ஒரு தவலைப் புளியோதரையைக் கோயில் வேனில் ஏற்றிக்கொண்டு, கட்டடச் சாமான் கடையின் வண்டி நிறுத்தத்துக்குப் போனார். கூலி வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று அங்கே ஆண்கள் விடியலிலிருந்து நிற்பார்கள். முகர்ந்து பார்த்துப் பின்வாங்கினார்கள். ஒருவன் தின்றான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினான். மறுநாளும் போனார்.

அவர்களுடைய வீடுகளுக்குப் பின்பு போனார். சக்கரத்தின் மேல் நிற்கும் தகர வீடுகள். உள்ளே மூச்சு இழுக்கும் குழந்தைகள், பல்வலியோடு வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடத்தில் போய் என்ன கேட்பது என்று தெரியாத தாய்மார்கள். குடியேற்றக் காகிதம் இல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தவர்கள். அடுத்த ஞாயிறு, கோயிலுக்கு வந்த ஒரு டாக்டரம்மாவை வாசலில் மறித்தார்.

“சாமி கும்பிட்டாச்சுல்லாம்மா? ஒரு அரைமணி நேரம் இந்தப் புள்ள நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்துட்டுப் போங்க. வண்டிய நான் தொடைச்சி வைக்கேன்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. செருப்பு வைக்கும் இடத்தில் ஞாயிறுதோறும் வைத்தியம். ஒரு வக்கீல் வந்தார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். சுடலைமுத்துவுக்கு ஸ்பானிய மொழி அரைகுறை, ஆங்கிலம் அதிலும் குறை. அந்த மக்கள் அவரை ‘எர்மானோ’ என்றார்கள். நம் ஊர் அண்ணாச்சிதான் அது.

கோயிலில் கேலிக்குக் குறைவில்லை.

“என்ன அமிகோ, இன்னைக்கு நைவேத்தியம் டாக்கோவா?” என்பார் ஒருவர். “விட்டா மயிலை எறக்கிட்டு முருகனை லாரியில ஏத்திருவாரு” என்பார் இன்னொருவர்.

“லாரியில போனாலும் அவன் அவன்தான சார்” என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குள் தலையைவிடுவார்.

ஊரில் அவர் மனைவி பேச்சித்தாய் இறந்தபோது அவருடைய விசா புதுப்பிக்கப் போயிருந்தது. போக வழியில்லை. மகன் கொள்ளி வைத்ததை போனில் பார்த்தார், ரப்பர் பூட்ஸோடு நின்றபடி. மறுநாள் கிருத்திகை. பாத்திரங்களைத் துலக்கி முடித்தார். மாலையில் எலோடியா ஒரு சட்டி கறுப்பு பீன்ஸும் ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார். இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னார். நாக்கு பிறழாமல் வரும்வரை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எலோடியா மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். சுடலைமுத்து அப்போதுதான் அழுதார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் புயல் அடித்தது. தகர வீடுகளில் பாதி கவிழ்ந்தன, மீதிக்குக் கூரை இல்லை. ஒரு பள்ளிக்கூட விளையாட்டரங்கில் நிவாரண முகாம் வைத்தார்கள். மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டியவருக்குக் கட்டிலும் சாப்பாடும் உண்டு. பட்டை இல்லாதவரை வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய நாள் வந்ததும் முகாமையே மூடிவிட்டார்கள். குடும்பங்கள் சுடலைமுத்துவிடம் வந்து நின்றன. கோயிலின் கல்யாண மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்தது, பெருக்குவது அவர்தான் என்பதால். யாரையும் கேட்கவில்லை. திறந்துவிட்டார்.

புயலுக்குப் பயந்து வெளியூர் போயிருந்த குழுவினர், கந்த சஷ்டி தொடங்கும் காலையில் திரும்பினார்கள். மண்டபத்தில் துணி காய்வதைத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி பார்த்தார். கொங்குநாட்டுக்காரர். கெட்டவர் அல்லர், பயந்தவர்.

“ஏனுங்ணா, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நம்ம குருக்களோட விசாவே தொங்கிட்டுக் கெடக்குது. ஒரு போலீஸ் வண்டி உள்ள வந்துச்சுன்னா கோயிலையே இழுத்துப் பூட்டிருவாங்க!”

“அவுக எங்க போவாவ, சார்?”

“அதையும் நானே சொல்லோணுமா? அஞ்சு மணிக்கு மண்டபம் காலியா இருக்கோணும். இல்லீன்னா நீங்களும் மூட்டையக் கட்டிக்குங்க. ஊருக்கு டிக்கெட் போட்டுத் தர்றோம்.”

சுடலைமுத்து எலோடியாவிடம் போய் ஐந்து விரலைக் காட்டி, வாசலைக் காட்டினார். எலோடியாவுக்குப் புரிந்தது. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. சுடலைமுத்து மடைப்பள்ளிக்குத் திரும்பி, தன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “முருகா, ஒன் மண்டபத்துல இவுகளுக்கு எடமில்லேங்காவ. நீ பாத்துக்க. எனக்கு அண்டா கெடக்கு.”

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சஷ்டியின் முதல் நாள், விரதம் இருப்பவர்களுக்கு மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் குருக்கள் மணிக்கட்டில் கட்டுவார். அதுதான் காப்பு. கட்டியவர், ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிந்து அவிழ்க்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கேயே படுத்து, கோயில் கொடுப்பதை உண்டு கிடக்க வேண்டும்.

எலோடியாவுக்கு இது தெரியாது. அவர் மண்டப வாசலில் இருந்து பார்த்தார். வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் மணிக்கட்டில் ஏதோ கட்டுகிறார். கட்டியவர்கள் உள்ளேயே உட்கார்கிறார்கள். முகாமில் வாரக்கணக்கில் இருந்தவருக்கு இதற்கு ஒரே பொருள்தான். பட்டை கொடுக்கிறார்கள். கையில் பட்டை இருப்பவரை யாரும் வெளியே அனுப்ப முடியாது. அவர் உள்ளே ஓடி, எல்லோரையும் எழுப்பி, குழந்தைகளின் மூக்கைத் துடைத்து, வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். தலைவர் முதல் ஆளாகக் காப்புக் கட்டிக்கொண்டு, அப்போது கோயில் வாசலில், கார்களை எங்கே நிறுத்துவது என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சிவாச்சாரியார் நீட்டிய கையைப் பார்த்தார். வெயிலில் வெந்து, ஆணி கிழித்த கை.

“கோத்திரம்?”

எலோடியா கையை இன்னும் முன்னால் நீட்டினார்.

“பேர்?”

“எலோடியா.”

“சிவகோத்திரம்” என்று அவரே சொல்லிக்கொண்டு, எலோடியா என்ற பெயரைச் சங்கல்பத்தில் சேர்த்துக் கட்டினார். கோத்திரம் தெரியாதவர் எவருக்கும் சிவகோத்திரம் சொல்வது முறை. அப்படிப் பார்த்தால் சிவன் மகனுக்கு அவர்கள் பங்காளிகள். கடைசிக் கைக்குழந்தைவரை கட்டி முடித்தார்.

தலைவர் உள்ளே வந்து பார்த்தபோது எல்லாக் கைகளும் மஞ்சளாயிருந்தன.

“சாமி! என்னுங்க பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“கை நீட்டினா. கட்டினேன்.”

“ஆருன்னு பாக்க வேண்டாமுங்களா?”

“நீட்டின கைக்கு இல்லேன்னு சொல்லப்படாது. நான் முகம் பாத்துக் கட்டறதில்லே.”

“அறுத்துடுங்க. அஞ்சு மணிக்கு இவங்க போகோணும்.”

“நான் மாட்டேன். கட்டின காப்ப நடுவிலே அறுத்தா அது சுவாமிக்கே ஆகாது.”

தலைவரின் கோபம் மடைப்பள்ளிப் பக்கம் திரும்பியது. சுடலைமுத்துவைக் கூட்டிவரச் சொன்னார். அவர் ஈரக்கையோடு வந்து, நடந்ததைக் கேட்டார். எலோடியா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபோதுதான் அவருக்கு விளங்கியது.

“இது உங்க சூழ்ச்சிதானுங்களே?”

“எனக்குத் தெரியாது, சார். நான் பின்னால கெடந்தேன்.” தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் காப்புக் கட்டியதில்லை. கட்டும் நேரத்தில் பாத்திரம் விழுந்து கிடக்கும். “எனக்குக் காப்பு இல்ல. அதனால நான் போறேன். டிக்கெட் போடுங்க. அவுகளுக்குக் காப்பு இருக்கு. அவுக இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, பாதியில் விட்ட அண்டாவைத் துலக்கப் போய்விட்டார்.

தலைவரின் மனைவிதான் வாயைத் திறந்தார். “ஏனுங்க, பூக் கேட்டுப் பாத்துருங்க. நம்மூருல தீராத வழக்குக்கு அதானுங்களே?”

தலைவருக்கும் அது சரியென்று பட்டது. சாமியின் வலத்தோளில் ஒரு பூ, இடத்தோளில் ஒரு பூ வைக்க வேண்டும். வலது விழுந்தால் எல்லோரும் இருக்கலாம், சுடலைமுத்துவும் இருக்கலாம். இடது விழுந்தால் காப்பை அறுத்து எல்லோரையும் அனுப்பிவிட வேண்டும். தலைவரே வாய்விட்டுச் சொன்னார். சாமி தன் பக்கம் என்று அவர் நம்பினார். சிவாச்சாரியார் இரண்டு வெள்ளை அரளிகளை வைத்துவிட்டு விலகி நின்றார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குழந்தை தும்மியது. எலோடியாவுக்கு என்ன நடக்கிறதென்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர் முழங்காலிட்டுக் குனிந்தார். பின்னால் நின்றவர்களும் முழங்காலிட்டார்கள்.

வலப்பூ விழுந்தது.

ஏசிக் காற்றில் விழுந்தது என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சந்நிதியில் ஏசிக் காற்று படுவது இடத்தோளில்தான். போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சிவாச்சாரியார் அந்தப் பூவைத் தட்டில் எடுத்தார். சாமி மேலிருந்த பரிவட்டத்தை எடுத்தார். ஒரு காப்புக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, சந்நிதியைவிட்டு இறங்கி, மடைப்பள்ளியைக் கடந்து, பாத்திரம் துலக்கும் இடத்துக்கு நடந்தார். குழுவினர் பின்னால் போனார்கள். அந்த ஈரத் தரையில் பட்டு வேட்டிகள் மிதித்தது அதுவே முதல் தடவை.

சுடலைமுத்து திரும்பிப் பார்த்துப் பதறினார். “சாமி, இங்க ஏன் வாரீக? வழுக்கும்! கை எச்சியா இருக்கு, கழுவிட்டு வாரேன்.”

“கழுவ வேண்டாம். நீட்டும்.”

நுரை வழிந்த கையிலேயே காப்புக் கட்டினார். தலையில் பரிவட்டம் சுற்றினார். கோயிலின் முதல் மரியாதை அது. அதுவரை தலைவருக்குத்தான் கட்டுவார்கள். அண்டாவைச் சுரண்டியவருக்கு அன்று போய்ச் சேர்ந்தது. எலோடியாவின் ஆட்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கோயிலில் கைதட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. தலைவர் குனிந்து அவர் காலைத் தொட முயன்றார். ரப்பர் பூட்ஸ்தான் கைக்குக் கிடைத்தது.

“சரியுங்ணா” என்றார் தலைவர். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

அந்த ஏழு நாளும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். குழந்தைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், பெரியவர்கள் ஒருவேளை உண்டு விரதம் காத்தார்கள். காப்பு அவிழ்த்த மறுநாள், கோயிலுக்கு வந்த பக்தர்கள் பலகையும் தகரமும் வாங்கித்தர, அந்த மக்களே தங்கள் கூரைகளைப் போட்டுக்கொண்டார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் நடந்த வைத்தியமும் வகுப்பும் மண்டபத்துக்குள் வந்தன. இன்றும் ஞாயிறுதோறும் நடக்கின்றன. சுடலைமுத்து இன்றும் துலக்குகிறார். வேறு வேலை தருகிறோம் என்றார்கள், வேண்டாமென்றார். அண்டா பளபளப்பதில் ஆண்டவன் முகம் பார்த்த அந்தக் கைகளுக்கு நம் கும்பிடு.

ஆனால் அந்த முதல் நாள் மாலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சாயரட்சை முடிந்து விளக்கேற்றும் நேரம். தலைவர் ஈஸ்வரமூர்த்தி கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியேறினார். வருடாவருடம் காப்புக் கட்டிக்கொண்டு, வருடாவருடம் தூங்க வீட்டுக்குப் போய்விடுவது அவர் வழக்கம். யாரும் கேட்டதில்லை. படியில் எலோடியா நின்றார். மதியம் முழுவதும் காப்பின் சட்டத்தை அவருக்கு விளக்கியிருந்தார்கள்.

எலோடியா தலைவரின் மணிக்கட்டைத் தொட்டார். பிறகு தன்னுடையதைக் காட்டினார். ஆள்காட்டி விரலை இடமும் வலமுமாக ஆட்டினார்.

“நோ, நோ, சேன்யோர்.”

“நாளைக்குக் காலைல ஆபீஸ் இருக்குதுங்க...” என்று தலைவர் தமிழிலேயே ஆரம்பித்தார். சிவாச்சாரியாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தலையணையோடு ஏற்கனவே உள்ளே இடம் பிடித்திருந்தார்.

தலைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றினார். குழந்தைகளைத் தாண்டித் தாண்டி, சுடலைமுத்துவின் பாய்க்குப் பக்கத்தில் காலியாயிருந்த இடத்துக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் எலோடியா மண்டபத்துக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.