அமைச்சரின் இருமலும் குளத்து வாத்துகளும்

ஆனைமுகன் அடிபணிந்து தொடங்குகிறேன். முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்ததோ இல்லையோ, நாள்தோறும் மூன்று ஆட்டம் சீட்டு தவறாமல் நடந்த நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு மன்னர் சித்திரசேனருக்குச் சீட்டாட்டமே தொழில், அரசாட்சி பொழுதுபோக்கு.

நால்வர் ஆடும் ஆட்டம் அது. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. யானை, தாமரை, வாள், சங்கு எனச் சீட்டுகள் நான்கு இனம்; ஆட்டந்தோறும் அவற்றுள் ஓரினம் மற்றவற்றை வெட்டும் துருப்பு. சுற்றுக்கொரு பிடியாகப் பதின்மூன்று பிடிகளில் ஏழு பிடித்தவர்க்கு வெற்றி. மன்னருக்குக் கூட்டாளி, அவை விகடர் பூவணநாதர். எதிர்க்கட்சியில் பேரமைச்சர் கோடிவனத்தாரும் சேனாதிபதி மல்லமரையரும். விகடர்மேல் மன்னர் வைத்திருந்த அன்பைக் கண்டு இவ்விருவர்க்கும் நெடுநாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மன்னரிடம் ஒரு குறை உண்டு. மனத்தில் எழுந்ததை அவர் வாய் அடக்காது. "பூவணம்! யானையை இறக்கிவிடாதே! என்னிடம் ஒரு யானைகூட இல்லை!" என்று கோட்டைக் காவலனுக்கும் கேட்கும்படி கூவுவார். இதையே சாக்காகக் கொண்டு அமைச்சர் ஒரு நெறி எழுதி, அதில் அரச முத்திரையும் வாங்கிவிட்டார். ஆட்டம் முடியும்வரை எவரும் தம் கூட்டாளியோடு ஒரு சொல்லும் பேசலாகாது, சைகையும் காட்டலாகாது. மீறியவர் பதவி இழந்து, அரண்மனைக் குளத்து வாத்துகளுக்கு ஓராண்டு விகடம் சொல்ல வேண்டும் என்பது அந்நெறி. தண்டனை யாரை நினைந்து எழுதப்பட்டது என்பது அந்த வாத்துகளுக்கே விளங்கியிருக்கும்.

நெறி வந்தபின் மன்னர் நாற்பது நாள் தொடர்ந்து தோற்றார்.

நாற்பத்தோராம் நாள் அமைச்சர் கைகூப்பி நின்றார். "பெருமானே, சொல்ல நாக் கூசுகிறது. விகடர் ஓயாமல் புன்னகைக்கிறார். அப்புன்னகையிலிருந்து தங்கள் கையிலுள்ள சீட்டெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகின்றன!"

மன்னர் சீறினார். "பூவணம்! இன்றும் நாம் தோற்றால், நீ என்னைக் காட்டிக்கொடுத்ததாகவே கொள்வேன். நாளை முதல் உனக்கு வாத்துகளே அவை."

"வாத்துகள் நகைக்குமா, பெருமானே?"

"நகைக்கா. அதுதான் தண்டனை" என்றார் அமைச்சர்.

விகடர் சாளரத்தின் வழியே குளத்தைப் பார்த்தார். நகைக்காத அவையின் முன் ஓராண்டு! ஆயினும் நாற்பது நாள் தோல்வியில் அவர் ஒன்றைக் கண்டுவைத்திருந்தார். அமைச்சர் இருமினால் சேனாதிபதி யானையை இறக்குவார். சேனாதிபதி மீசையை முறுக்கினால் அமைச்சர் தாமரையை இறக்குவார். ஆனால் அதை எடுத்துரைத்தால், "இருமுவதும் குற்றமா?" என்பார்கள். ஐந்தெழுத்தை மனத்துள் ஓதியபடி விகடர் ஆட்டத்தில் அமர்ந்தார்.

அமைச்சர் இருமினார். சேனாதிபதி யானையை இறக்கினார். சேனாதிபதி மீசையை முறுக்கினார். அமைச்சர் தாமரையை இறக்கினார். நான்கு பிடிகள் அவர்கள் பக்கம் போயின. ஐந்தாம் பிடிக்கு அமைச்சர் தொண்டையைக் கனைத்தபோது விகடர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"வைத்தியரே! விரைந்து வாரும்!"

அவையில் எவரேனும் நோயுற்றால் அந்த இடத்திலேயே மருந்தூட்ட வேண்டும் என்பது மன்னரின் பாட்டனார் வகுத்த அறம். அதன்பொருட்டு அரண்மனை வைத்தியர் திருமேனியார் நாள்தோறும் தூணோரம் அமர்ந்திருப்பார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நோயாளியும் வாய்க்கவில்லை. அழைப்புக் கேட்டதும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன இது, பூவணம்?" என்றார் மன்னர்.

விகடர் மன்னரைப் பாராமல் சேனாதிபதியை நோக்கி வணங்கினார். "சேனாதிபதியாரே, என் கூட்டாளி ஏதோ வினவுகிறார். அவரோடு பேச நெறி இடந்தராது. அருள்கூர்ந்து தாங்களே அவரிடம் சொல்லுங்கள்: சைகை காட்டலாகாது என்று நெறி எழுதியவரே நம் அமைச்சர். ஆகவே இந்த இருமல் சைகையாக இருக்க வழியில்லை. சைகை இல்லையென்றால் நோய்தானே?"

சேனாதிபதி மன்னர் பக்கம் திரும்பினார். "மன்னா... அமைச்சருக்கு நோயாம்."

"ஐயோ பாவம்! கொடுங்கள் மருந்தை!" என்றார் மன்னர்.

ஆடாதொடைக் கஷாயம் ஒரு செம்பு நிறைய வந்தது. ஒரு மிடற்றிலேயே அமைச்சரின் முகம் சுண்டைக்காய் வற்றல்போல் சுருங்கியது. இருமல் நின்றது. பதறிப்போய்ச் சேனாதிபதி மீசையைத் தொட்டார்.

"மீசையின் வேரில் சொறி!" என்றார் விகடர்.

வைத்தியர் வேப்பெண்ணெயை வழியவழியத் தடவி, மூக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அமைச்சர் இடக்காதைச் சொறிந்தார்; காய்ச்சிய பூண்டெண்ணெய் அக்காதுக்குள் இறங்கியது. சேனாதிபதி கண் சிமிட்டினார்; கண்ணில் கலிக்கம் பிழிந்தார்கள்.

"எனக்கு ஒன்றுமில்லை, ஓய்!" என்று அலறினார் சேனாதிபதி.

"நோய் முற்றியவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்றார் வைத்தியர் பரிவோடு.

சைகை அற்றதும் ஆட்டமும் அற்றது. ஒருவர் கண் கலங்கி யானைக்குப் பதில் சங்கை இறக்கினார். மற்றவர் தம் கூட்டாளியின் வாளையே துருப்பால் வெட்டினார். பதினொரு பிடிகள் முடிந்தபோது மன்னர் கட்சிக்கு ஆறு, அமைச்சர் கட்சிக்கு ஐந்து. மன்னருக்கு வேண்டியது ஒரே பிடி.

சேனாதிபதியின் கையில் இரண்டு சீட்டுகள்: ஒரு யானை, ஒரு தாமரை. எதை இறக்குவது? கட்டுக்குள்ளிருந்து கெஞ்சும் கண்ணோடு அமைச்சரைப் பார்த்தார். அமைச்சரோ தோளைக் குலுக்கி, முழங்காலை ஆட்டி, புருவம் இரண்டையும் மாறிமாறித் தூக்கினார்.

விகடர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வைத்தியரே, இது..."

"சன்னி!" என்றார் வைத்தியர். அவர் முகத்தில் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பும் பலித்த ஒளி. "சந்தேகமே இல்லை. நெற்றியில் ஒரு சூடு, குதிகாலில் ஒரு சூடு. அந்தச் சூட்டுக்கோலைக் காய்ச்சுங்கள்!"

கோல் செக்கச்செவேலென்று வந்தது. அமைச்சர் பாயிலிருந்து துள்ளினார். "சன்னி இல்லை! சைகை! புருவம் தூக்கினால் யானை! இருமினாலும் யானை! மீசை தாமரை! எல்லாம் சைகைதான், பெருமானே! வாத்துகளிடமே போய்விடுகிறேன், அந்தக் கோலை அப்பால் கொண்டுபோகச் சொல்லுங்கள்!"

மன்னர் அமைச்சரைப் பார்த்தார், மூக்குவரை கட்டுண்ட சேனாதிபதியைப் பார்த்தார், ஏமாற்றத்தோடு கோலை ஊதிக்கொண்டிருந்த வைத்தியரைப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகைத்தார். நகைத்த குலுக்கலில் அவர் கையிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. எதையும் வெட்டும் பெருந்துருப்பு! ஆட்டம் தொடங்கியது முதல் அதைத் துருப்பென்று அறியாமலே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அமைச்சரும் சேனாதிபதியும் குளக்கரையில் அமர்ந்து விகடம் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் வாத்துகள் அக்கரைக்குக் குடிபோயின.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி விகடரின் கழுத்தில் அணிவித்தார். "இன்னும் ஒரு வரம் கேள், பூவணம். எதுவாயினும் தருவேன்."

"கேட்டுவிட்டுத் தலை தப்புமா, பெருமானே?"

"அரச வாக்கு. கேள்!"

"நாளை முதல் தாங்கள் எதிர்க்கட்சியில் அமர வேண்டும்."

மன்னர் மறுபடி நகைத்தார். "அப்படியா! அங்கே எனக்குக் கூட்டாளி யார்?"

"வைத்தியர் திருமேனியார்" என்றார் விகடர். "தாங்கள் சீட்டைக் கூவத் தொடங்கியதும் அவர் கவனித்துக்கொள்வார்."

தூணோரத்தில் வைத்தியர் ஏற்கெனவே கஷாயத்தை ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றுமுதல் அந்த அரண்மனையில் சீட்டாட்டம் கோயில் கருவறைபோல் அமைதியாக நடந்தது.